பொதுக் கூரையும் நிலுவைக் கடனும்

தனக்கென ஒரு வீடு கட்டிக்கொண்டு வாழ்பவன், மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றுவான்; அல்லது ஒழுகும் இடத்தில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டுப் படுத்து உறங்குவான். அவனுடைய சோம்பலுக்கு விலை கொடுப்பவர்கள் அவனும் அவன் வீட்டாருமே. அயலார் அவனைக் கடிந்துகொள்ளலாம். கட்டாயப்படுத்த அவர்களுக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு கூரையின் கீழ் நூறு குடும்பங்கள் அடுக்கடுக்காக வாழும்பொழுது நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. மேல்மாடிக்காரனின் கூரை கீழ்மாடிக்காரனுக்கும் கூரை. கீழே நிற்கும் தூண் மேலே உறங்கும் குழந்தைக்கும் கட்டில்கால். இங்கே ஒருவன் பாத்திரத்தை வைத்துவிட்டு உறங்கினால், நனைபவன் வேறொருவனாக இருக்கிறான்.

ஒன்றாகக் குடியிருப்பவர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு கடன்பட்டவர்கள்? அந்தக் கடனைக் கொடாதவனை என்ன செய்யலாம்? கொடாதவன் உண்மையில் யார்? கணக்குப் புத்தகத்தில் தொடங்கி மனித மனச்சான்றில் போய் முடிகின்ற இக்கேள்விகளை, அமெரிக்க நாட்டின் ஃபுளோரிடா மாநிலத்தை முன்வைத்துச் சற்றே சிந்திப்போம். கடலோரம் நெடுகிலும் வானளாவிய குடியிருப்புகள் எழுந்து நிற்கும் மாநிலம் அது. இத்தகைய குடியிருப்புகளை அங்கே காண்டோமினியம் என்று அழைக்கிறார்கள். சேர்ந்து ஆளும் உரிமை என்னும் பொருள் தரும் லத்தீன் சொற்களிலிருந்து பிறந்த பெயர். பெயரிலேயே சேர்க்கை இருக்கிறது. சேர்ந்து ஆள்வதன் பாரமும் அதில் அடங்கியிருக்கிறது என்பதை மட்டும் வீடு வாங்குபவர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

ஃபுளோரிடாவில் இதற்கென முதற்சட்டம் 1963-ஆம் ஆண்டில் வந்தது. பின்னர் 1976-இல் அது திருத்தி எழுதப்பெற்று, மாநிலச் சட்டத் தொகுதியின் 718-ஆம் அதிகாரமாக இன்று விளங்குகிறது. அச்சட்டத்தின்படி வீடு வாங்குபவனுக்கு இரண்டு உரிமைகள் கிடைக்கின்றன. நான்கு சுவர்களுக்குள் இருக்கும் இடம் அவனுக்கே தனியுரிமை. அடித்தளம், தூண், கூரை, படிக்கட்டு, மின்தூக்கி, குழாய், நீச்சல் குளம் ஆகிய பொதுப் பகுதிகளில் அவனுக்குப் பிரிக்கமுடியாத பங்கு. முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை விற்க முடியாது. பின்னதை மறந்துவிட்டு முன்னதை அனுபவிக்கவும் முடியாது. உரிமையாளர் அனைவரும் தாமாகவே ஒரு சங்கத்தின் உறுப்பினர் ஆகிவிடுகின்றனர். அச்சங்கம் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் வகுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு என்று கட்டணம் விதிக்கிறது.

இந்தக் கட்டணத்தைச் செலுத்தாதவன் மீது சட்டம் கடுமையாகவே நடந்துகொள்கிறது. "நான் நீச்சல் குளத்தில் கால் வைத்ததே இல்லை, எனக்கு எதற்குக் கட்டணம்?" என்று அவன் கேட்க முடியாது. பொதுப் பகுதியைப் பயன்படுத்தவில்லை என்பதும், வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டேன் என்பதும் விடுதலைக்கு வழியாகா என்று சட்டம் தெளிவாகக் கூறுகிறது. சங்கத்தின் மூல ஆவணத்தில் வட்டி குறிக்கப்படவில்லையாயின் நிலுவைக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி ஏறும். தாமதக் கட்டணம் தனி. அதற்கு மேலும் கொடாவிடில் சங்கம் அவ்வீட்டின் மீது பற்றுரிமை பதிவு செய்து, நீதிமன்றம் சென்று, வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம்.

ஒரு சில நூறு டாலருக்காக ஒருவனுடைய வீட்டையே பறிப்பதா என்று இளகிய நெஞ்சம் பதறும். பதற வேண்டியதுதான். ஆயினும் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இச்சங்கம் இலாபம் தேடும் வணிகன் அன்று. அதன் பெட்டியில் இருப்பது அயலார் போட்ட பணம் மட்டுமே. ஒருவன் கொடாமல் விட்டால் காவலாளியின் சம்பளம் குறைவதில்லை. காப்புறுதித் தொகை குறைவதில்லை. தண்ணீர்க் கட்டணம் குறைவதில்லை. அவன் விட்ட தொகை அடுத்த வீட்டு விதவையின் பங்கில் ஏறுகிறது. வங்கிக்குக் கடன் கொடாதவன் தன்னினும் செல்வமிக்க ஒரு நிறுவனத்தைக் காக்க வைக்கிறான். குடியிருப்புச் சங்கத்துக்குக் கொடாதவனோ தன்னைப் போன்றவரையும் தன்னினும் எளியவரையும் தனக்காகக் கொடுக்கச் செய்கிறான்.

இந்த உண்மை 2008-ஆம் ஆண்டை ஒட்டி வந்த வீட்டுக்கடன் நெருக்கடியில் அம்மாநிலத்து மக்களுக்கு நன்றாகவே விளங்கிற்று. வீட்டின் விலை கடனுக்கும் கீழே இறங்கிவிட்ட நிலையில் பலர் வங்கித் தவணையையும் நிறுத்தினர். சங்கக் கட்டணத்தையும் நிறுத்தினர். அடமானம் பெற்ற வங்கிகளோ வீட்டைக் கையகப்படுத்துவதில் ஆண்டுக்கணக்கில் தாமதம் காட்டின. அதுவரை யார் கட்டணம் செலுத்துவது? சட்டம் இங்கே ஒரு விந்தையான ஏற்பாடு செய்திருக்கிறது. சாதாரண மனிதன் ஒருவன் அவ்வீட்டை விலைக்கு வாங்கினால், முந்தைய உரிமையாளர் வைத்த பாக்கி முழுவதற்கும் அவனும் சேர்ந்து பொறுப்பாகிறான். ஆனால் முதல் அடமானம் பெற்ற வங்கி வீட்டை எடுத்துக்கொண்டால், 12 மாதக் கட்டணம் அல்லது மூலக் கடனில் 1 சதவீதம், இவற்றுள் எது குறைவோ அதை மட்டும் கொடுத்தால் போதும். 2010-ஆம் ஆண்டு வரை அந்தப் 12 மாதமும் 6 மாதமாகவே இருந்தது.

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 500 டாலர் கட்டணம் உள்ள ஒரு வீட்டில் 24 மாதம் பாக்கி நின்றுவிட்டது எனக் கொள்வோம். மொத்தம் 12,000 டாலர். மூலக் கடன் 2,00,000 டாலர் என்றால் அதில் 1 சதவீதம் 2,000 டாலர். வங்கி அந்த 2,000 டாலரைச் செலுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளும். எஞ்சிய 10,000 டாலரை ஓடிப்போனவனிடமிருந்து வசூலிக்க வழியில்லையாயின், ஒழுங்காகக் கட்டிவந்த அயலாரே சுமக்க வேண்டும். வங்கிக்கு இச்சலுகை இல்லாவிட்டால் வீடு வாங்க யாருக்கும் கடன் கிடைக்காது என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கலாம். இருப்பினும், நேர்மையாளனின் தோளே எப்பொழுதும் சுமைதாங்கியாக அமைந்துவிடுகிறது என்ற உண்மையை அது மாற்றிவிடாது.

இவ்வளவு கடுமைக்கு நடுவிலும் அச்சட்டத்தில் மனிதத்தன்மையின் சில சுவடுகள் தென்படுகின்றன. பாக்கி ஏற்பட்டவுடன் வழக்கறிஞர் செலவைச் சுமத்திவிட முடியாது. 30 நாள் அவகாசம் தந்து முதலில் அறிவிப்பு அனுப்பவேண்டும். பற்றுரிமை பதிவதற்கு முன் 45 நாள். ஏலத்துக்காக வழக்கிடுவதற்கு முன் மீண்டும் 45 நாள். பாக்கி 90 நாளைக் கடந்துவிட்டால் நீச்சல் குளம், விருந்துக்கூடம் ஆகியவற்றைப் பயன்படுத்தும் உரிமையைச் சங்கம் நிறுத்திவைக்கலாம். தொகை 1,000 டாலருக்கு மேற்பட்டால் வாக்குரிமையையும் நிறுத்திவைக்கலாம். ஆனால் அவனுடைய வீட்டுக்குச் செல்லும் வழியை மறிக்கக்கூடாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக்கூடாது. வண்டி நிறுத்தும் இடத்தைப் பறிக்கக்கூடாது. மின்தூக்கியில் ஏறுவதைத் தடுக்கக்கூடாது.

மின்தூக்கி என்னும் அச்சிறு சொல்லை வாசகர் கவனிக்க வேண்டும். பத்தாவது மாடியில் வாழும் முதியவள் ஒருத்தி பாக்கிக்காரியாகவே இருக்கட்டும். அவளைப் படிக்கட்டில் ஏறவைத்துப் பணம் வசூலிக்கும் உரிமை அயலாருக்கு இல்லை என்று சட்டம் சொல்கிறது. இன்பத்தை மறுக்கலாம், இருப்பை மறுக்கலாகாது. கடன் எத்தகையதாயினும் கடன்பட்டவன் மனிதனாகவே இருக்கிறான் என்ற அறத்துக்கு இதனினும் எளிய விளக்கம் வேண்டுவதில்லை.

அதே சட்டத்தில் இதற்கு எதிரான ஒரு விதியும் உண்டு. பாக்கிக்காரன் ஒரு தொகையைக் கொண்டுவந்து கொடுத்தால், அது முதலில் வட்டிக்கும், அடுத்துத் தாமதக் கட்டணத்துக்கும், பின்னர் வழக்குச் செலவுக்கும், வழக்கறிஞர் கூலிக்கும் போய்ச் சேரும். எஞ்சியது இருந்தால்தான் அசலில் கழியும். கொடுக்க மனமிருந்தும் சிறுகச் சிறுகவே கொடுக்க முடிகிறவன், கொடுத்துக்கொண்டே இருந்தும் கடனாளியாகவே இருக்கிறான். கொடுக்க மறுப்பவனையும் கொடுக்க இயலாதவனையும் ஒரே தராசில் நிறுத்தும் விதி இது. முன்னவன் செய்வது பிழை. பின்னவனுக்கு நேர்ந்திருப்பது துன்பம். பிழைக்குத் தண்டனை உண்டு. துன்பத்துக்கு வேண்டியது தவணை. இவ்விரண்டையும் பகுத்தறிந்து நடப்பது நிர்வாகக் குழுவினரின் கடமை. சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தாவிட்டாலும் மனச்சான்று கட்டாயப்படுத்த வேண்டும்.

இதுவரை கூறியவை தனி மனிதரின் பாக்கியைப் பற்றியவை. இதனினும் பெரிய பாக்கி ஒன்று உண்டு. அது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. அதற்கு அறிவிப்பு அனுப்புவாரும் இல்லை.

ஒவ்வொரு கட்டடமும் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தேய்கிறது. கடற்காற்றின் உப்பு காங்கிரீட்டுக்குள் ஊடுருவி இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு ஏறிய கம்பி பருத்து, சூழ்ந்திருக்கும் காங்கிரீட்டைப் பிளக்கிறது. இருபது முப்பது ஆண்டு கழித்து வரப்போகும் பெருஞ்செலவுக்காக ஆண்டுதோறும் ஒரு பங்கை ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதே காப்பு நிதியின் நோக்கம். ஃபுளோரிடாச் சட்டமும் அவ்வாறே பணித்திருந்தது. ஆனால் அதே கையால் ஒரு வாயிலையும் திறந்து வைத்திருந்தது. சங்கக் கூட்டத்தில் வாக்களிப்போருள் பெரும்பான்மையினர் விரும்பினால், அவ்வாண்டு காப்பு நிதியைக் குறைத்துக்கொள்ளலாம். அறவே விட்டும் விடலாம். அடுத்த ஆண்டும் அப்படியே செய்யலாம். அதற்கடுத்த ஆண்டும் செய்யலாம்.

இந்த வாக்கெடுப்பில் கைதூக்கியவர்கள் தீயவர்கள் அல்லர். பெரும்பாலும் ஓய்வூதியத்தில் காலம் கழிக்கும் முதியவர்கள். அவர்களில் ஒருவர் இவ்வாறு வாதாடுவதாக வைத்துக்கொள்வோம்: "எனக்கு எண்பது வயதாகிறது. இருபது ஆண்டு கழித்து மாற்றப்போகும் கூரைக்கு நான் ஏன் இன்று பணம் தரவேண்டும்? அன்று இங்கே வாழப்போகிறவன் அல்லவா தரவேண்டும்?" கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஆழ்ந்து நோக்கினால் இதில் ஒரு பிழை உண்டு. அவர் எதிர்காலத்துக் கூரைக்குப் பணம் தரவில்லை. தாம் நேற்று வரை எந்தக் கூரையின் கீழ் வாழ்ந்தாரோ, அந்தக் கூரையைத் தாம் தேய்த்ததற்கே பணம் தருகிறார். காப்பு நிதி என்பது வருங்காலத்தாருக்கு நாம் வழங்கும் கொடை அன்று. கடந்த காலத்துக்கு நாம் செலுத்தும் வாடகை. அதைக் கொடாமல் வீட்டை விற்றுச் செல்பவர், தாம் உண்டதற்கு அடுத்து வருபவரிடம் பணம் வசூலிக்கச் சொல்லிவிட்டுப் போகிறார்.

இத்தகைய பாக்கி எவ்வளவு பெருகக்கூடும் என்பதை மயாமி நகருக்கு அருகே உள்ள ஸர்ஃப்ஸைடு என்னும் சிற்றூரில் உலகம் கண்டது. சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சௌத் என்பது அக்குடியிருப்பின் பெயர். 1981-இல் கட்டப்பெற்றது. 12 மாடி, 136 வீடுகள். 2018-ஆம் ஆண்டில் ஒரு பொறியாளர் நிறுவனம் அதைச் சோதித்து, நீச்சல் குளத்தை அடுத்த தளத்தில் நீர்காப்பு பழுதுபட்டிருப்பதால் காங்கிரீட்டுக்குப் பெருஞ்சேதம் நேர்ந்துகொண்டிருப்பதாக அறிக்கை தந்தது. பழுதுபார்க்கும் செலவு ஏறத்தாழ 90 லட்சம் டாலர் என மதிப்பிடப்பட்டது. கேட்டவுடன் ஒப்புக்கொள்ளும் தொகையா அது? சங்கத்தில் கருத்து வேறுபாடுகள் மூண்டன. 2019-இல் நிர்வாகக் குழுவினருள் பெரும்பாலோர் பதவி விலகினர். காலம் ஓடியது, சேதமும் வளர்ந்தது, செலவும் வளர்ந்தது. 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஒன்றரைக் கோடி டாலர் திரட்ட இறுதியாக முடிவாயிற்று. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 80,000 டாலரிலிருந்து 3,36,000 டாலர் வரை பங்கு விழுந்தது. அப்பொழுது சங்கத்தின் காப்பு நிதியில் இருந்ததோ 7 லட்சம் டாலருக்குச் சற்று மேல். இருந்திருக்க வேண்டியது ஒரு கோடி டாலருக்கு மேல்.

முதல் தவணை அவ்வாண்டு ஜூலை மாதம் 1-ஆம் தேதி செலுத்தவேண்டியது. ஜூன் மாதம் 24-ஆம் தேதி, நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி அளவில், அனைவரும் உறங்கிக்கொண்டிருந்த வேளையில், கட்டடத்தின் பெரும்பகுதி இடிந்து வீழ்ந்தது. 98 பேர் மாண்டனர்.

இங்கே நாம் அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறிவிடலாகாது. பணம் சேர்க்காததால்தான் கட்டடம் வீழ்ந்தது என்று ஒரே வரியில் முடிப்பது உண்மைக்கு மாறாகும். குளத்துத் தளத்தின் வடிவமைப்பே அன்றைய கட்டட விதிகள் கோரிய வலிமையைப் பெற்றிருக்கவில்லை என்று அமெரிக்க அரசின் ஆய்வாளர்கள் 2023-இல் தெரிவித்தனர். நாற்பது ஆண்டுக்கு முன் வரைந்தவரின் பிழையும், கட்டியவரின் பிழையும், கடலின் உப்பும், மனிதரின் தயக்கமும் ஒன்றுசேர்ந்தே ஓர் அழிவை உண்டாக்குகின்றன. ஆயினும் ஒன்று மட்டும் உறுதி. பலவீனமாகப் பிறந்த குழந்தைக்கே கண்காணிப்பு மிகுதியாகத் தேவை. மறைந்திருக்கும் பிழையைக் கண்டறியவும் திருத்தவும் கையில் பணமும் மனத்தில் ஒற்றுமையும் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் காலம் காத்திருப்பதில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மாண்டவருள் சிறு குழந்தைகள் இருந்தனர். விருந்தினராக வந்து தங்கியவர்கள் இருந்தனர். கூட்டத்தில் கைதூக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை. பெரும்பான்மை என்பது எண்ணிக்கையால் வரும் அதிகாரம். தம் சொந்தச் சுகத்தைக் குறைத்துக்கொள்ளப் பெரும்பான்மையினர் முடிவு செய்யலாம். பிறர் உயிரைத் தாங்கும் தூணைப் பற்றி முடிவு செய்ய அவர்களுக்கு எங்கிருந்து உரிமை வந்தது? வாக்களிக்க வராதவர்களுக்கும், வாக்கில்லாதவர்களுக்கும், இன்னும் பிறவாதவர்களுக்கும் உரிய ஒன்றை வாக்கெடுப்பால் விட்டுக்கொடுக்க இயலாது. ஒரு குடியிருப்புக்கு மட்டுமன்று, ஒரு நாட்டுக்கும் இது பொருந்தும்.

வழக்கு மன்றத்தில் எழுந்த கேள்வியும் இதே நெருக்கடியை வேறு விதமாகக் காட்டிற்று. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நூறு கோடி டாலருக்கு மேற்பட்ட இழப்பீட்டு உடன்பாட்டை நீதிமன்றம் ஏற்றது. அதற்கு முன் ஒரு வேதனையான வாதம் நடந்தது. உறவினரை இழந்தோர் ஒருபுறம். வீட்டை இழந்து உயிர் தப்பியோர் மறுபுறம். வீட்டுக்காரர்கள்தாமே சங்கம்? சங்கத்தின் பொறுப்பு அவர்களுடைய பொறுப்பு அன்றோ? அப்படியானால் அவர்கள் இழப்பீடு பெறவேண்டியவர்களா, கொடுக்கவேண்டியவர்களா? நிலைகுலைந்து நிற்கும் மனிதரைப் பார்த்துக் கேட்கப்பட்ட கொடிய கேள்வி. என்றாலும் பொருளற்ற கேள்வி அன்று. முடிவில் வீட்டுரிமையாளர்களுக்கு 9 கோடியே 60 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. அவர்கள்மீது மேற்கொண்டு பொறுப்புச் சுமத்தப்படவில்லை. பொறுப்பு என்பது வேறு. குற்றம் என்பது வேறு. தூண் பொதுவானதாக இருந்தபோது அதைக் காக்கும் பொறுப்பு அனைவருக்கும் இருந்தது. அது வீழ்ந்தபின் குற்றவாளி என்று விரல் நீட்ட ஒருவரும் தனித்து அகப்படவில்லை. கூட்டுடைமையின் ஆபத்தே இதுதான். அனைவருக்கும் உரிய கடமை ஒருவருக்கும் உரியதாக இல்லாமல் போய்விடுகிறது.

அழிவு வந்தபின் சட்டம் விழித்துக்கொண்டது. 2022-இல் ஃபுளோரிடா புதுச் சட்டம் இயற்றியது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்புகள் 30 ஆண்டில் ஒருமுறையும், பின்னர் 10 ஆண்டுக்கு ஒருமுறையும் சோதிக்கப்பட வேண்டும். கூரை, தாங்கு சுவர், நீர்காப்பு, குழாய், மின்னமைப்பு முதலியவற்றுக்கான காப்பு நிதியை, 2024-ஆம் ஆண்டு முடிந்தபின் வகுக்கும் வரவு செலவுத் திட்டங்களில் வாக்கெடுப்பால் விட்டுவிட முடியாது. திறந்து கிடந்த வாயில் மூடப்பட்டது.

மூடிய வாயிலுக்கு உள்ளே அகப்பட்டவர்கள் யார்? பல்லாண்டுகளின் பாக்கியைச் சில ஆண்டுகளில் கட்டவேண்டி வந்த முதியவர்கள். கட்டணம் உயர்ந்தது; சிறப்புக் கட்டணங்கள் விழுந்தன. ஓய்வூதியத்தை நம்பியிருந்த சிலர் வீட்டை விற்கவும் நேர்ந்தது. அவர்கள் முறையீட்டைக் கேட்டு 2025-இல் சட்டமன்றம் சற்றே இரங்கியது. காப்பு நிதி ஆய்வை முடிக்கும் காலத்தை அவ்வாண்டு இறுதிவரை நீட்டியது. சோதனை முடித்துப் பழுதுபார்க்கும் சங்கங்கள் இரண்டு திட்ட ஆண்டுகள் வரை நிதி சேர்ப்பதை நிறுத்திவைக்கவும், வங்கிக் கடன் பெற்று ஈடுசெய்யவும் வழிவகுத்தது.

இது பலவீனம் என்று சிலர் குறைகூறலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. சோதனையைத் தள்ளிப்போடுவதும் தவணையைத் தள்ளிப்போடுவதும் ஒன்றல்ல. பழுதைக் கண்டுகொண்டு, அதைச் சீர்படுத்தும் பணத்துக்கு மட்டும் அவகாசம் தருவது கருணை. பழுதைக் காணவே மறுத்து, கட்டணம் ஏறவில்லை என்று மகிழ்ந்திருப்பது கருணையும் அன்று, சிக்கனமும் அன்று. இயலாதவனுக்குப் பணத்தில் இரக்கம் காட்டலாம். தூணில் இரக்கம் காட்டலாகாது. தூணுக்கு அவன் ஏழை என்பது தெரியாது.

ஆகவே, பாக்கிக்காரன் யார் என்று நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு மூன்று முகங்கள் தோன்றுகின்றன. கொடுக்க மறுப்பவன் ஒருவன். அவனைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். கொடுக்க இயலாதவன் ஒருவன். அவனுக்குத் தவணையும் மரியாதையும் தருவது அயலார் கடன். மூன்றாமவன், மாதந்தோறும் முதல் தேதியன்று தவறாமல் கட்டணம் செலுத்துபவன். பாக்கிக்காரரின் பெயர்ப்பட்டியலைப் படித்து முகம் சுளிப்பவன். ஆண்டுக் கூட்டத்தில் காப்பு நிதி வேண்டாம் என்று கைதூக்குபவன். அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் பெரிய பாக்கி அவனுடையதே.

நம்முள் பலரும் இந்த மூன்றாமவன்தான். கேட்ட கடனைக் கொடுத்துவிட்டதால் பட்ட கடனெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கேட்பாரற்ற கடன்கள் உண்டு. நமக்கு முன் இருந்தவர் கட்டிவைத்ததை நாம் அனுபவித்த கடன்; நமக்குப் பின் வருபவருக்கு அதைப் பழுதின்றி ஒப்படைக்க வேண்டிய கடன். அவற்றுக்கு அறிவிப்பு வாராது; வட்டிக்கணக்கு வாராது. சுவரில் ஒரு கீறல் மட்டும் வரும். அதைக் கண்ட அன்றே, கீழே பாத்திரம் வைக்காமல், அயலாரை அழைத்து உட்காரவைத்துப் பேசத் தொடங்குபவனே சேர்ந்து வாழத் தகுதியுடையவன்.